தபால் பெட்டியில் இரண்டு பெயர்

வலென்சியாவுக்கு நானும் என் கணவரும் வந்து ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. ஸ்பெயினின் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலை ஒட்டிய ஊர். இந்தக் கரையில் கணவன் மனைவியாக வந்து குடித்தனம் நடத்துவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் அறிவிப்பு வந்தது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விசா பற்றி, மீதி சாப்பாடு பற்றி, இரண்டு மூன்று கடிதங்கள் மட்டும் வேறு மாதிரி. அவற்றைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் அவற்றுக்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் கணவருக்கு வலென்சியாவில் ஐ.டி. வேலை. இருவருக்கும் விசா வந்துவிட்டது. இன்னும் ஆறு வாரத்தில் கிளம்புகிறோம். போனதும் முதலில் எதைச் செய்ய வேண்டும்? ஊரிலேயே முடிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? – வாசகி, கோயம்புத்தூர்

விசாவுக்காகத் திருமணச் சான்றிதழில், அதை வெளிநாட்டில் செல்லத்தக்கதாக்கும் அப்போஸ்தில் முத்திரை வாங்கியிருப்பீர்கள். அதோடு நிறுத்தாமல் இருவருடைய பிறப்புச் சான்றிதழ், உங்கள் பட்டப்படிப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். கணவருடைய தாள்களை அவருடைய கம்பெனியே கேட்டு வாங்கியிருக்கும், உங்களுடையதை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாக எடுத்து வைத்தால்தான் உண்டு. ஒரு வருடம் கழித்து உங்களுக்கு ஒரு வேலையோ படிப்போ அமையும்போது அந்தத் தாளுக்காக ஊரில் வயதான அப்பாவை அலையவிட வேண்டியிருக்கும். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பை இங்கே வந்து செய்துகொள்ளலாம். ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்டதுதான் செல்லும்.

வந்ததும் வீடு. ஒப்பந்தம் எந்த வகை என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நிரந்தரக் குடியிருப்புக்கான ஒப்பந்தம் என்றால், உரிமையாளர் தனிநபராக இருக்கும்போது ஐந்து வருடம் வரை அங்கே இருக்கும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. சட்டப்படி முன்பணம் ஒரு மாத வாடகை. கூடுதல் உத்தரவாதம் கேட்டாலும் அது இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. 2023-இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு தரகர் கட்டணமும் உரிமையாளருடையது. இதிலிருந்தெல்லாம் தப்பிக்கத்தான் பல பேர் 'தெம்போராதா' என்கிற தற்காலிக ஒப்பந்தத்தை, பெரும்பாலும் 11 மாதத்துக்கு, நீட்டுகிறார்கள். வருடக்கணக்கில் வாழ வருகிறவர்கள் அதில் மாட்டக் கூடாது. அப்புறம், ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். "சம்பளம் அவருக்குத்தானே, அவர் பெயர் போதும்" என்று தரகர் சொல்வார். போதாது. அடுத்து வருகிற ஒவ்வொரு அலுவலகத்திலும் 'நீங்கள் இந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி' என்று உங்களைக் கேட்கும்போது அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

ஒப்பந்தம் கையில் வந்ததும் நகராட்சிப் பதிவேட்டில் இருவரும் பெயரைச் சேர்த்துவிடுங்கள். எம்பாத்ரோனமியெந்தோ என்று பெயர், வாய்க்குள் நுழையச் சிரமப்பட்டாலும் முதல் வாரத்திலேயே பழகிவிடும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். இந்தப் பதிவு இருந்தால்தான் உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் டாக்டர் ஒதுக்கி, 'சிப்' என்று இங்கே சொல்லும் மருத்துவ அட்டை தருவார்கள். நம்மைப் போல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள், நீண்டகால வசிப்புரிமை கிடைக்கும்வரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பெயர் நீங்கிவிடும். வசிப்பு அட்டையான தியே-க்கு, வந்திறங்கிய ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்துப் போலீஸ் அலுவலகத்தில் கைரேகை வைக்க வேண்டும். இதற்கான முன்பதிவு நேரம் கிடைப்பதுதான் பெரிய பாடு. காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடாமல் நாளுக்கு நாலு தடவை இணையத்தில் பாருங்கள். பக்கத்து ஊர் அலுவலகங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கட்டட வாசலில் வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் குடியிருப்பவர் பெயரை எழுதி ஒட்டியிருப்பார்கள். தபால்காரர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். முதல் எட்டு மாதம் எங்கள் பெட்டியில் என் கணவர் பெயர் மட்டும் இருந்தது. எனக்கு வந்த ஒரு பதிவுத் தபால் 'இந்தப் பெயரில் யாரும் இல்லை' என்று திரும்பிப் போனது எனக்கே மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே ஒரு அட்டையில் இரண்டு பெயரையும் எழுதி ஒட்டினோம். நீங்கள் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

நானும் மனைவியும் வீட்டிலிருந்தே இந்தியக் கம்பெனிகளுக்கு வேலை செய்கிறோம். ஸ்பெயினில் வேலை செய்ய அனுமதி இல்லாத வசிப்பு விசாவில் வந்து, சத்தமில்லாமல் லேப்டாப்பில் வேலையைத் தொடரலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரிதானா? – வாசகர், சென்னை

சரியில்லை தம்பி. அந்த விசா ஓய்வூதியமோ சேமிப்போ வைத்து வாழ்கிறவர்களுக்கானது, எந்த வேலையும் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு வருவது. புதுப்பிக்கும்போது பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் நிலைமைக்கென்றே 2023 முதல் டிஜிட்டல் நாடோடி விசா இருக்கிறது. விண்ணப்பிப்பவருக்கு வருமானம் ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும், துணைக்கு அதே ஊதியத்தில் இன்னும் 75 சதவீதம். பட்டமோ மூன்று வருட அனுபவமோ வேண்டும், தற்போதைய கம்பெனியோடு குறைந்தது மூன்று மாதத் தொடர்பு இருக்க வேண்டும். துணையாக வருபவரும் இங்கே வேலை செய்யலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஒரு வருடத்தில் 183 நாளுக்கு மேல் இங்கே இருந்தால் வரி விஷயத்தில் ஸ்பெயின்வாசிதான். ஊரில் வங்கிக் கணக்கு, பங்குகள், வீடு மனை என்று மூன்று வகைச் சொத்தில் எது 50,000 யூரோவைத் தாண்டினாலும் அடுத்த மார்ச் 31-க்குள் 720-ஆம் எண் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு வரி ஆலோசகரிடம் கிளம்பும் முன்பே ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள், அவருக்கும் தனியாகக் கணக்குக் காட்ட வேண்டிவரலாம்.

கடற்கரை ஊர், வருடம் முழுக்க வெயில் என்கிறார்கள். கம்பளி உடைகளை எடுத்துவர வேண்டுமா? – வாசகி, திருச்சி

கட்டாயம் எடுத்துவாருங்கள், வீட்டுக்குள் போட்டுக்கொள்ள. ஜனவரியில் மத்தியானம் வெளியே நாற்காலி போட்டு வெயிலில் காபி குடிப்பார்கள், வீட்டுக்குள் வந்தால் கால் விறைக்கும். இங்குள்ள பழைய கட்டடங்கள் கோடையை மனதில் வைத்துக் கட்டியவை. வெப்பம் வெளியேறாமல் காக்கும் கட்டுமான விதி ஸ்பெயினில் 1979-இல்தான் வந்தது, அதற்கு முன் எழும்பிய வீடுகளில் மெல்லிய சுவர், ஒற்றைக் கண்ணாடி, டைல்ஸ் தரை. பல வீடுகளில் ஹீட்டர் வசதியே கிடையாது. அதோடு கடல் ஈரம். அலமாரிக்குப் பின்னால் சுவரில் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வீடு பார்க்கும்போது குளிர்காலச் சூரியன் எந்த அறைக்குள் வரும் என்று கேளுங்கள், தெற்குப் பார்த்த வீடு கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூட என்றாலும் எடுங்கள், ஈரம் உறிஞ்சும் மின்கருவி ஒன்று வாங்குங்கள், தினமும் மத்தியானம் பத்து நிமிடம் எல்லா ஜன்னலையும் திறந்து வையுங்கள். கோடையில் நேர்மாறு: காலை பதினொரு மணிக்கெல்லாம் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பெர்சியானா என்ற மடக்குத் தட்டியை இறக்கிவிட்டு இருட்டில் இருக்க வேண்டும்.

மின்சாரத்தில் ஒரு விஷயம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் எவ்வளவு கிலோவாட் இழுக்கலாம் என்று ஒப்பந்தம் உண்டு. 3.45 என்று இருக்கும் வீட்டில் அடுப்பு, ஹீட்டர், வாஷிங் மெஷின் மூன்றையும் போட்டால் மொத்த வீடும் அணைந்துவிடும். நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் கட்டணத்தில் இருந்தால், வேலை நாளில் காலை 10 முதல் 2 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் விலை அதிகம், நள்ளிரவிலிருந்து காலை 8 வரையும் சனி ஞாயிறு முழுக்கவும் குறைவு. இட்லிக்கு ஞாயிற்றுக்கிழமை அரைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இப்படித்தான் வந்தது.

அலிகாந்தேயில் ஒன்றரை வருடமாக இருக்கிறேன். ஊரில் ஐந்து வருடம் பள்ளி ஆசிரியை. இங்கே எந்த அலுவலகம் போனாலும் அவர்தான் பேசுகிறார். என் வயிற்றுவலியைக்கூட டாக்டரிடம் அவர்தான் சொல்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை முடிந்து வந்து எனக்காகப் படிவம் நிரப்பும்போது எரிச்சல்படுகிறார், எனக்கு அழுகை வருகிறது. ஊருக்கு ஃபோன் பண்ணினால் "கடல் பக்கத்தில் சொர்க்கம் மாதிரி இருக்கிறாய், உனக்கென்ன" என்கிறார்கள். – பெயர் வேண்டாம்

அன்புத் தங்கைக்கு, உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என் கணவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "இது நம் முதல் இரண்டு வருடம்" என்றார். ஆமாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஊரில் பேங்க் லோன் வாங்குவதிலிருந்து தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போடுவது வரை நான்தான் பார்த்துக்கொண்டேன், இங்கே ஒரு மருந்துக்கடைக்குப் போய்த் தலைவலி மாத்திரை கேட்க முடியாமல் நின்றேன். அவருக்கு ஆபீஸ் இருந்தது, அதில் ஆட்கள் இருந்தார்கள், எனக்கு நாலு சுவரும் கடலும். அவர் எனக்காக எல்லாவற்றையும் செய்தது அன்பினால்தான், ஆனால் அவர் செய்யச் செய்ய நான் சுருங்கிக்கொண்டே போனேன். இரண்டு பேரின் வேலையை ஒருத்தர் சுமப்பதால் அவரும் களைத்துப் போனார். இதில் யார் மேல் தப்பு என்று தேடி நாங்கள் வீணாக்கிய மாதங்கள் நிறைய.

என்னை வெளியே இழுத்தது ஒரு வாக்கியம். சந்தையில் மீன்காரரிடமோ சுகாதார நிலையத் தாழ்வாரத்திலோ இங்கே யாரும் வரிசையாக நிற்க மாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் "கியென் எஸ் எல் உல்திமோ?" என்று கேட்பார்கள், 'கடைசி ஆள் யார்?' என்று அர்த்தம். யாராவது கை தூக்குவார், அவருக்குப் பின்னால் நீ. அடுத்து வருகிறவர் கேட்கும்போது நீ கை தூக்க வேண்டும். இதைச் சொல்லத் தெரியாமல் முதல் தடவை முக்கால் மணி நேரம் ஓரமாக நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். மறுநாள் அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கேட்டேன். ஒரு பாட்டி கை தூக்கினார். பிறகு ஒருவர் வந்து கேட்க, நான் கை தூக்கினேன். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த ஊரில் எனக்கென்று ஒரு இடம் இருப்பதாக எனக்குத் தோன்றிய முதல் நிமிடம் அது.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. வலென்சியத் தன்னாட்சிப் பகுதி முழுக்க, உன் அலிகாந்தேயிலும், பெரியவர்களுக்கான அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. குடியேறியவர்களுக்கு ஸ்பானிஷ் வகுப்பு மிகக் குறைந்த செலவில் நடக்கும். இன்னும் முறையாகப் படிக்க அரசு மொழிப் பள்ளியான 'எஸ்குவேலா ஒஃபிசியால் தே இதியோமாஸ்' இருக்கிறது. சேர்க்கை கோடையில், வகுப்பு இலையுதிர் காலத்தில் தொடங்கும், தேதியைத் தவறவிடாதே. மொபைலில் படிப்பது இதற்கு ஈடாகாது, ஏனென்றால் உனக்கு மொழியைவிட மனிதர்கள் வேண்டும். என் வகுப்பில் மொராக்கோ, உக்ரைன், செனகல் என்று பல நாட்டுப் பெண்கள். எல்லோரும் தப்பும் தவறுமாகப் பேசியதால் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் என் நெருங்கிய தோழிகள்.

அடுத்த முறை டாக்டரிடம் தனியாகப் போ. என்ன வலி, எத்தனை நாளாக, என்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. "மே துவேலே அகீ" என்று வலிக்கிற இடத்தைக் காட்டினால் போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அரசு வேலைகளை இணையத்திலேயே முடிக்க உதவும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் உன் பெயரில் தனியாக எடு, அது உன் ஃபோனில் இருக்கட்டும், அவருடையதில் வேண்டாம். உன் வசிப்பு அட்டையை எடுத்துப் பார், வேலை செய்ய அனுமதி இருந்தால் அதிலேயே அச்சிட்டிருக்கும். பலர் வருடக்கணக்கில் அதைக் கவனிப்பதே இல்லை. ஆசிரியப் பட்டத்தை இங்கே அங்கீகரிக்க வைப்பது நீண்ட காலம் பிடிக்கிற வேலை, அதனாலேயே இந்த மாதமே விண்ணப்பித்துவிடு. காத்திருக்கும் காலத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம், இந்த ஊர்ப் பெற்றோர்கள் அதற்கு ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

உன் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடு. தம்பி, உங்கள் மனைவி தடுமாறிப் பேசும்போது நீங்கள் குறுக்கே வந்து முடித்துவைக்காதீர்கள், பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள், நேரம் ஆனாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு வைத்தோம்: படிவம், பில், முன்பதிவு எல்லாம் புதன்கிழமை சாயங்காலம் மட்டும், இருவரும் மேஜையில் உட்கார்ந்து, ஒரு வாரம் நான் நிரப்ப அவர் பார்க்க, அடுத்த வாரம் அவர் நிரப்ப நான் பார்க்க. மற்ற நாள் அந்தப் பேச்சே கிடையாது.

ஒன்றை மட்டும் உன்னிடம் தனியாகச் சொல்கிறேன். நீ எழுதிய 'எரிச்சல்' என்ற வார்த்தைக்குப் பின்னால் பயம் இருந்தால், அவர் கை நீட்டியிருந்தால், இல்லை பாஸ்போர்ட்டையும் அட்டையையும் உன்னிடம் தராமல் வைத்திருந்தால், 016 என்ற எண்ணைக் கூப்பிடு. பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், பல மொழிகளில் பேசுவார்கள், தொலைபேசி பில்லில் வராது. ஃபோனில் மட்டும் அந்த அழைப்பை நீயே அழித்துவிடு. ஆபத்து உடனடியாக என்றால் 112.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர், மனைவியுடையதில் என் பெயர். அங்கே குழப்பம் வருமா? – வாசகர், மதுரை

வரும். ஸ்பெயின்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. திருமணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. அதனால் உங்கள் சொந்தப் பெயரே உங்கள் மனைவிக்கும் பிள்ளைக்கும் குடும்பப் பெயராக இருப்பதையும், உங்களுக்கு மட்டும் வேறாக இருப்பதையும் பார்த்து, இந்தக் குழந்தை யாருடையது என்ற ரீதியில் கேட்பார்கள். கோபப்பட வேண்டாம், அவர்கள் முறையில் அது நியாயமான கேள்வி. தாய் தந்தை இருவர் பெயரும் உள்ள குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இரண்டின் மொழிபெயர்ப்பு எப்போதும் பையில் இருக்கட்டும். எந்தப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, அதே எழுத்து, அதே வரிசை. இரண்டாவது குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விடுங்கள், அழகுக்காக எதையும் நிரப்பாதீர்கள். ஒரு எழுத்து மாறினால் வங்கியில் ஒரு ஆளாகவும் மருத்துவ அட்டையில் இன்னொரு ஆளாகவும் ஆகிவிடுவீர்கள்.

நான் சைவம், என் கணவர் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார். இருவருக்கும் அங்கே ஓடுமா? – வாசகி, நாகர்கோவில்

மீனுக்கு என்ன குறை! நகர நடுவில் மெர்காதோ சென்திரால் என்ற சந்தை, 1928-இல் திறந்த கட்டடம், வண்ணக் கண்ணாடியும் பீங்கான் ஓடுமாகக் கோயில் மண்டபம் போல நிமிர்ந்து பார்க்க வைக்கும். மத்தியானம் மூன்று மணியோடு சரி, ஞாயிறு விடுமுறை. அங்கே உங்கள் கணவருக்குத் தெரிந்த முகங்கள் நிறைய இருக்கும்: 'சர்தினா' நம் சாளையின் உறவு, 'பொகெரோன்' நெத்திலியின் உறவு, 'கபாய்யா' அயிலை மாதிரி, சிவப்பாக மீசையோடு இருக்கும் 'சல்மொனேதே' நவரையின் குடும்பம். கணவாயும் உண்டு. திங்கட்கிழமை மட்டும் வாங்க வேண்டாம், ஞாயிறு படகுகள் போகாததால் இந்த ஊர்க்காரர்களே அன்றைக்கு மீன் கடைப் பக்கம் போக மாட்டார்கள்.

வெளியே சாப்பிடும்போது உங்களுக்குத்தான் கவனம் வேண்டும். 'இறைச்சி இல்லாமல்' என்று சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வரும், காய்கறி சாண்ட்விச் என்ற பெயரிலும் அதே சூரை இருக்கும், கீரையில்கூடப் பன்றித் தொடைத் துண்டு நறுக்கிப் போட்டிருப்பார்கள். "நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்", அதாவது இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம், பன்றித் தொடையும் வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். வீட்டில் பிரச்சினை இல்லை. ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி வயல்தான், அரிசி விளைகிற மண். அந்தக் குட்டை அரிசியில் பொங்கல் குழைவாக வரும். சூப்பர் மார்க்கெட்டில் 'வப்போரிசாதோ' என்று போட்டிருப்பது புழுங்கல், இட்லிக்கு அதைத்தான் ஊற வைக்கிறேன். குளிர்காலத்தில் மாவு புளிக்க, ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். உளுந்து, புளி, பெருங்காயத்துக்கு ருசாஃபா பகுதியில் உள்ள ஆசியக் கடைகள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், ராத்திரி ஒன்பதுக்கு மேல். ஏழு மணிக்குப் பசித்தால் ஹோட்டலில் சமையலறையே திறந்திருக்காது.

என் மகளும் மாப்பிள்ளையும் வலென்சியாவுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் தரைத்தளத்தில் வீடு பார்த்திருக்கிறார்கள். 2024 வெள்ளத்தை டி.வி.யில் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. – ஒரு தாய், திருநெல்வேலி

அம்மா, உங்கள் பயம் வீண் பயம் இல்லை. 2024 அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை. எங்கள் தெருவில் பெரிய மழையே இல்லை. ஆனால் மேற்கே மலைப்பக்கம் கொட்டிய தண்ணீர், வருடத்தில் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும் போயோ ஓடை வழியாக இறங்கி, பாய்போர்த்தா, கதரோஹா போன்ற தெற்கு ஊர்களுக்குள் சாயங்காலம் புகுந்தது. சொட்டு மழை பெய்யாத தெருக்களில் திடீரென்று ஆளுயரத்துக்கு நீர். ஃபோன்களுக்கு எச்சரிக்கை ஒலி வந்தபோது மணி எட்டைத் தாண்டியிருந்தது, அதற்குள் பலர் தண்ணீருக்குள். 220 பேருக்கு மேல் இறந்தார்கள், தரைத்தள வீடுகளிலும், காரைக் காப்பாற்ற இறங்கிய நிலத்தடி கார் நிறுத்துமிடங்களிலும் நிறையப் பேர். நவம்பர் 1 அன்று துடைப்பமும் மண்வெட்டியும் குடிதண்ணீருமாக ஆயிரக்கணக்கானோர் நகரத்திலிருந்து நடைபாலத்தைக் கடந்து அந்த ஊர்களுக்கு நடந்தார்கள், நானும் என் கணவரும் அந்தக் கூட்டத்தில் போனோம். ஒரு வீட்டில் சேற்றை வாரிப்போட்டுக்கொண்டிருந்தபோது அந்த வீட்டம்மா தன் கல்யாணப் போட்டோவைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நகரம் ஏன் தப்பித்தது என்றால், 1957 அக்டோபரில் துரியா ஆறு ஊருக்குள் புகுந்து 80-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, ஆற்றையே ஊருக்குத் தெற்கே புதுக் கால்வாயில் திருப்பிவிட்டார்கள். பழைய ஆற்றுப்படுகை இன்று பூங்கா. அந்தக் கால்வாய் 2024-இல் தாங்கியது, அதற்குத் தெற்கே இருந்த ஊர்கள்தான் மாட்டிக்கொண்டன. கோடை முழுக்கச் சூடேறிய கடலின் ஈரத்தோடு மேல்வானத்துக் குளிர்காற்று சேரும்போது வருவது இது, செப்டம்பர் முதல் நவம்பர் வரை கவனமாக இருக்க வேண்டிய காலம்.

மகளிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். பத்ரிகோவா என்ற வலென்சிய அரசின் வெள்ள அபாய வரைபடம் இணையத்தில் யாரும் பார்க்கலாம், அதில் அந்தத் தெரு வண்ணம் பூசிய பகுதிக்குள் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் அந்தத் தரைத்தள வீடு வேண்டாம், முதல் மாடிக்கு மேலே பார்க்கட்டும், வாடகை மலிவு என்பதற்காக விட்டுக்கொடுக்க வேண்டாம். வானிலைத் துறையான ஆய்மெத் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் இருவரும் வேலைக்கோ கடைக்கோ கிளம்பாமல் மேலேயே இருக்கட்டும். தண்ணீர் வந்துவிட்டால் காரை மறந்துவிட வேண்டும். நீங்களும் இதைக் கடுமையாகவே சொல்லலாம், அம்மா சொன்னால் கேட்பார்கள்.

வயதான பெற்றோரைப் பார்க்க அடிக்கடி ஊருக்கு வந்து தங்கினால் வசிப்புரிமை பாதிக்குமா? – வாசகர், ஈரோடு

பாதிக்கும். ஐந்து வருடத்தில் நீண்டகால வசிப்புரிமை வேண்டுமென்றால் அந்த ஐந்து வருடத்தில் பொதுவாக மொத்தம் 10 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. இந்தக் கணக்கு கணவனுக்குத் தனி, மனைவிக்குத் தனி. பிரசவத்துக்கும் மாமனார் மாமியார் உடம்புக்கும் என்று மனைவியே ஒவ்வொரு முறையும் கிளம்பினால், ஐந்தாம் வருடம் கணவருக்குக் கிடைத்து மனைவிக்குக் கிடைக்காமல் போகும், என் தோழி ஒருத்திக்கு இதுதான் நடந்தது. பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து ஒரு நோட்டில் இருவர் பெயரிலும் நாட்களை எழுதி வாருங்கள். முறை வைத்துப் போங்கள். பெற்றோரை இங்கே அழைக்க 90 நாள் ஷெங்கன் விசா, அதற்குப் போலீஸ் அலுவலகத்தில் அழைப்புக் கடிதம் வாங்கித் தர வேண்டிவரலாம். நிரந்தரமாக அழைத்துக்கொள்வது பொதுவாக அவர்களுக்கு 65 வயது தாண்டி, உங்களுக்கு நீண்டகால வசிப்புரிமை கிடைத்த பிறகுதான்.

தினமும் கடலுக்குப் போவீர்களா? – ஒன்பதாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

தினமும் இல்லை கண்ணு. ஆகஸ்டில் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம், அப்போது போக மாட்டோம். பிப்ரவரியில் தண்ணீர் 14 டிகிரிதான். எனக்குப் பிடித்தது அக்டோபர், விடுமுறைக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகும் கோடையின் சூடு தண்ணீரில் மிச்சம் இருக்கும். இந்தக் கடலில் ஏற்றவற்றம் கண்ணுக்கே தெரியாது, நம் வங்கக் கடலைப் போல் அலையும் அடிக்காது. ஆனாலும் கரையில் சிவப்புக் கொடி பறந்தால் யாரும் இறங்கக் கூடாது. நீச்சலை நான் இங்கே வந்துதான், 41 வயதில், நகராட்சிக் குளத்தில் கற்றுக்கொண்டேன். ஞாயிறு காலையில் மால்வரோசா கரையில் நான் மிதவை வரை போய்த் திரும்புவேன். என் கணவருக்கு இன்னும் நீச்சல் வராது, முழங்கால் தண்ணீரில் என் துண்டைப் பிடித்துக்கொண்டு நான் வரும்வரை நின்றுகொண்டிருப்பார்.